மிதிவண்டிப் பயணம்: கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல

விடுமுறைக் காலங்களில் மிதிவண்டியில் நெடுந்தொலைவுப் பயணம் மேற்கொள்வோர் நம் நாட்டில் பெருகி வருகின்றனர். இருபது வயது இளைஞர் முதல் பணி ஓய்வு பெற்றவர் வரை இவர்களுள் அடங்குவர். இவர்கள் மிகவும் விரும்பும் வழிகள் இரண்டு. ஒன்று, மும்பையிலிருந்து கோவா வரையிலான கொங்கணக் கடலோரச் சாலை. மற்றொன்று, மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் இமயமலைச் சாலை. இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளமுடையவை. கடலோரச் சாலை எளிது, மலைச்சாலை செங்குத்து என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வளவு நேரானது அன்று. பயணத் திட்டத்தின் அடிப்படைக் கணக்கை அறிந்துகொண்டால் காலமும் பணமும் வீணாகாது; உயிருக்கும் ஊறு நேராது.

சாய்வு என்னும் அளவு

மிதிவண்டி ஓட்டுநரின் உழைப்பைத் தீர்மானிப்பது தொலைவைக் காட்டிலும் ஏற்றமே. ஏறிய உயரத்தைக் கடந்த தொலைவால் வகுத்து நூறால் பெருக்கினால் சாய்வு விழுக்காடு கிடைக்கும். 100 மீட்டர் தொலைவில் 5 மீட்டர் உயர்ந்தால் சாய்வு 5 விழுக்காடு. 3 விழுக்காடு வரை பெரும்பாலோர் பேசிக்கொண்டே மிதிக்கலாம். 5 விழுக்காட்டில் மூச்சு வாங்கும். 8 விழுக்காட்டைத் தாண்டினால் சுமையேற்றிய வண்டியை இறங்கித் தள்ளுவோரே மிகுதி.

ஒரு நாளுக்குரிய மொத்த ஏற்றத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். 100 கிலோமீட்டரில் மொத்தம் 1,000 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது நடுத்தரமான நாள். அதே தொலைவில் 2,000 மீட்டர் ஏற்றம் என்றால் அது பயிற்சி பெற்றவர்க்கே உரியது. இணைய வரைபடச் செயலிகள் பலவற்றில் இவ்விவரம் வரைகோடாகக் கிடைக்கிறது. தங்கும் விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன் இதனைப் பார்ப்பது நன்று.

கொங்கணம்: கடலோரம் ஏன் தட்டையாக இல்லை?

சஹ்யாத்திரி மலைத்தொடருக்கும் அரபிக் கடலுக்கும் இடைப்பட்ட கொங்கணம் ஒரு குறுகிய நிலப்பகுதி. மலையில் பிறக்கும் ஆறுகள் சிறிது தொலைவே ஓடிக் கடலில் கலக்கின்றன. அவை செம்பாறை மேட்டு நிலத்தை அறுத்துக்கொண்டு ஆழமான கழிமுகங்களை உண்டாக்கியுள்ளன. ஆகவே சாலை ஒவ்வொரு கழிமுகத்திற்கும் கடல் மட்டம் வரை இறங்கி, மறுகரையில் மீண்டும் மேட்டுக்கு ஏறுகிறது. 100 மீட்டர் உயரத்தை ஒன்றேகால் கிலோமீட்டரில் ஏறினால் சாய்வு 8 விழுக்காடு. இத்தகைய குறுகிய, கடுமையான ஏற்றங்கள் நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. எந்த ஏற்றமும் தனியே பெரிதன்று. மாலையில் கூட்டிப் பார்த்தால் ஒரு மலையே ஏறியிருப்போம்.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் காட்சிகள் அரியவை. மும்பையிலிருந்து படகில் மாண்ட்வா சேர்ந்து, அலிபாக், காஷித் வழியாக முருட் சென்றால் கடலின் நடுவே ஜஞ்ஜிராக் கோட்டை தெரியும். அகர்தண்டாவில் படகேறித் திகியில் இறங்கி, ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் ஆகிய ஊர்களைக் கடக்கலாம். பாக்மண்டலாவிலிருந்து வேஸ்விக்குச் சாவித்திரி ஆற்றையும், தாபோலிலிருந்து தோபாவேக்கு வாசிஷ்டி ஆற்றையும், தவ்சாலிலிருந்து ஜெய்கட்டுக்குச் சாஸ்திரி ஆற்றையும் படகிலேயே கடக்க வேண்டும். இப்படகுகள் வண்டிகளையும் ஏற்றிச் செல்பவை. மிதிவண்டிக்கும் இடம் உண்டு. கணபதிபுலேயிலிருந்து ரத்னகிரி செல்லும் ஆரே-வாரே சாலையில் கடல் காலடியிலேயே விரிந்து கிடக்கும். பின்னர் விஜயதுர்க், தேவ்கட், மால்வண், வேங்குர்லா வழியே கோவா எல்லையை அடையலாம். நாளொன்றுக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வீதம் எட்டு அல்லது ஒன்பது நாள்கள் ஒதுக்குதல் தகும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ரத்னகிரி வட்டாரத்தில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். அக்காலத்தில் சில படகுப் போக்குவரத்துகளும் நின்றுவிடும். பிற்பகலில் வீசும் கடற்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருவதால் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வதே உகந்தது.

லடாக்: மலைச்சாலையில் தடை சாய்வன்று, காற்று

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புகழ்பெற்ற கர்துங் லா கணவாய் 39 கிலோமீட்டர். அங்கிருந்த பழைய பலகை 18,380 அடி என்று கூறினாலும், அளவீடுகளின்படி அதன் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. 39 கிலோமீட்டரில் 1,859 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரிச் சாய்வு 5 விழுக்காட்டுக்கும் குறைவே. பாரம் ஏற்றிய ராணுவ வண்டிகள் ஏறுவதற்கென அமைக்கப்பட்டதால் இப்பகுதிச் சாலைகள் வளைந்து வளைந்து மெல்லவே உயர்கின்றன. மணாலி வழியிலுள்ள காட்டா வளைவுகளில் 21 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும் இதனால்தான்.

எனினும் 5,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயுவும் பாதியாகிறது. கொங்கணத்தில் கால் சோர்ந்தால் ஒரு நாள் ஓய்வெடுத்துத் தொடரலாம். இங்கே அவசரப்பட்டால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே கேடு விளையும். நல்ல உடற்பயிற்சி உடையவர்க்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த நெறி. ஜிஸ்பா 3,200 மீட்டர். பாராலாச்சா லாவைக் கடந்தபின் வரும் சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர். முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரே நாளில் சென்று உறங்குவது 1,000 மீட்டருக்கு மேற்பட்ட தாவல். இடையில் பட்சியோ, ஜிங்ஜிங்பார் ஆகிய இடங்களில் தங்கிச் செல்வது பாதுகாப்பானது.

மற்றொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். மலைநோய்க்கு முதல் மருந்து கீழிறங்குதல். சர்ச்சுவிலோ முன்னைய இரு பக்கமும் கணவாய்களே உள்ளன. மணாலிப் பக்கம் திரும்பினால் பாராலாச்சா லா. லே பக்கம் சென்றால் லாச்சுலுங் லாவும் 5,300 மீட்டர் உயரத் தங்லங் லாவும். எத்திசையில் இறங்கவும் முதலில் ஏறியே ஆக வேண்டும். ஆகவே இவ்வழியில் துணை வாகனம் அமர்த்திக்கொள்வது ஆடம்பரம் அன்று, அவசியம். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலை வரை காத்திராமல் வாகனத்தில் இறங்கிவிட வேண்டும்.

இச்சாலை பொதுவாக மே இறுதி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரையே திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மழையும் மண்சரிவும் உண்டு. செப்டம்பர் மாதம் பெரிதும் ஏற்றது.

பணமும் பாதுகாப்பும்

கைபேசிவழிப் பணப்பரிமாற்றத்திற்குப் பழகிய நாம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சமிக்ஞை இல்லாத இடத்தில் அது இயங்காது. கேலாங் நகரைக் கடந்தபின் லே வட்டாரத்தை நெருங்கும் வரை ஏடிஎம் கிடைக்குமென எதிர்பார்த்தல் கூடாது. பிற மாநில ப்ரீபெய்டு சிம் அட்டைகளுக்கு லடாக்கில் கட்டுப்பாடு இருந்து வந்துள்ளதால் புறப்படுமுன் விசாரித்தறிக. தங்கல், உணவு, அவசர வாகனம் ஆகியவற்றுக்குப் போதிய ரொக்கத்தைச் சிறு நோட்டுகளாக, இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்வது நலம். கொங்கணப் படகுத்துறைகளுக்கும் இது பொருந்தும்.

பயணக் காப்பீடு எடுப்போர் மிதிவண்டிப் பயணம் 'சாகச விளையாட்டு' என விலக்கப்பட்டுள்ளதா, உயரமான இடங்களிலிருந்து மீட்கும் செலவு அடங்குமா என்பவற்றைப் பத்திரத்தில் படித்துப் பார்க்க வேண்டும். 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்கள், ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தினால் நேரும் மரணத்திற்கும் முழு ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். மலைநோய் விபத்தாகக் கருதப்படாது என்பதால் மருத்துவக் காப்பீட்டையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். காப்பீட்டு விவரங்களைக் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க.

புறப்படுமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள். நாளொன்றுக்கு எத்தனை மீட்டர் ஏற்றம்? இரவு உறங்குமிடம் எவ்வளவு உயரம்? திரும்ப நேர்ந்தால் வழி எது? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே பயணச்சீட்டைப் பதிவு செய்யுங்கள். முதன்முறையாகச் செல்வோர் கொங்கணத்தில் தொடங்கி, ஏற்றங்களுக்கு உடலைப் பழக்கிக்கொண்டு, அடுத்த ஆண்டில் இமயத்தை நாடுவது முறையாகும்.