நண்டின் முதுகில் ஒரு சென்சார்

சாயப்பட்டறைக்காரர்களுக்கு டிடிஎஸ் மீட்டர் பழகிய பொருள். தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவைச் சொல்லிவிடும். ஆனால் அது நேரடியாக உப்பை அளப்பதில்லை. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுகிறது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்புத்தான் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதனால்தான். கழிவுநீருக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கடலிலோ சுமார் 35,000.

கடலின் உப்பை அளப்பதும் இதே முறையில்தான். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகள் நங்கூரமிட்ட இடத்திலிருந்தே அளக்கின்றன. ஆனால் மீனும் நண்டும் போகுமிடத்து நிலவரம் தெரிய, அவற்றின் மேலேயே கருவியை ஒட்டவேண்டும். கனத்த பெட்டியைக் கட்டினால் அவை இயல்பாக நீந்தா.

சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ‘மரைன் ஸ்கின்’ இதற்கொரு விடை. சில கிராம் எடையுள்ள சிலிக்கோன் ரப்பர் பட்டை அது. நீலக்கால் நண்டின் ஓட்டில் ஒட்டிப் பார்த்தார்கள்.

பட்டையிலுள்ள உலோகம் ரப்பர்போல இழுபடுமா? இழுபடாது. பருத்தி நூலும்தான் இழுபடாது. ஆனாலும் பனியன் துணி இழுபடுகிறதே, நூல் வளையம் வளையமாகக் கிடப்பதால். மெல்லிய உலோகத் தடத்தையும் நெளிநெளியாக அமைத்தால் ரப்பரோடு சேர்ந்து நீளும். சூடேறினால் உலோகத்தின் மின்தடை கூடும், அது வெப்பமானி. மின்முனைகள் உப்பைச் சொல்லும். ஆழத்துக்கு, மிருதுவான படலத்தின் இருபுறமும் இரண்டு தகடுகள். நீரழுத்தத்தில் படலம் நசுங்கினால் மின்தேக்குத்திறன் மாறும்.

சிக்கல் வேறிடத்தில். ரேடியோ அலை கடல்நீரில் அதிக தூரம் போகாது; கருவி மேலே வந்தால்தான் தகவல் கைக்கு வரும். மின்முனையில் பாசியும் கொட்டலசும் படிந்தால் அளவு பிசகும். என் கணக்கில் இதுதான் பெரிய தலைவலி.

பின்னல் துணியையே சென்சாராக்கவும் முடியும். வெள்ளி பூசிய நைலான் நூலைப் பின்னலாக்கினால், இழுக்கும்போது அதன் மின்தடை மாறும். உடல் அசைவை அளக்கும் ஆடைகளில் இது நடப்பில் உள்ளது. அதே துணியை அப்படியே கடலில் விட முடியாது. உப்புநீர் வளையங்களுக்கிடையே புகுந்து மின்சாரத்துக்குக் குறுக்குவழி தரும். குளோரைடு வெள்ளியைத் தின்னும். ஆகவே சிலிக்கோனோ பாலியூரித்தேனோ மேலே பூசி அடைக்கவேண்டும். துணிக்குப் பூச்சிடும் வேலை பின்னலாடைத் தொழிலுக்குப் புதிதல்ல. உப்புநீரில் மாதக்கணக்காக உரியாமல் நிற்கும் பூச்சுதான் இன்னும் வேண்டும்.