முன்பக்கம் பிளக் தொங்கும் கார்கள்

காரின் முன்பக்கத்தில் ஒரு மின்சார பிளக் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா?

கனடாவின் வினிபெக் நகரில் குளிர்காலத்தில் இது சர்வ சாதாரணம். மின்சாரக் கார் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் பெட்ரோல் கார்கள்தான்! அங்கே சில இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாண்டிவிடும். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிவிடும். பேட்டரியும் வலுவிழந்துபோகும். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி முக்கி முனகும், கிளம்பாது.

அதற்காகத்தான் எஞ்சினுக்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர். பிளாக் ஹீட்டர் என்பார்கள்; முன்பக்கம் தொங்குவது அதன் பிளக்தான். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டை அது இதமாகச் சூடாக்கி வைக்கும். வீட்டு வாசலில் மட்டுமில்லை, அலுவலக வாகன நிறுத்தத்திலும் இதற்கென்றே பிளக் பாயின்ட் வைத்த கம்பங்கள் நிற்கும். விடிய விடிய மின்சாரம் செலவாக வேண்டாம். டைமர் வைத்து, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால் சூடேற்றினால் போதும். புறப்படும் முன் பிளக்கைக் கழற்ற மட்டும் மறக்கக் கூடாது!

கனடாவில் உங்கள் பிள்ளைகளோ உறவுகளோ இருக்கிறார்களா? அடுத்த முறை போனில் பேசும்போது கேளுங்கள்: டிக்கியில் ஒரு கம்பளி, கையுறை, பனி அள்ளும் மண்வெட்டி எல்லாம் இருக்கிறதா என்று. பனிப்புயலில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், உதவி வரும்வரை உயிர் காப்பது அந்தக் கம்பளிதான்.