ராக் ஐலண்டு ரயில் பாதையும் அதன் சரக்குகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்குப் பகுதியில், சிக்காகோ நகரிலிருந்து மேற்கு நோக்கிச் சென்ற ராக் ஐலண்டு ரயில் பாதையின் வரலாறு, விளைபொருளை வெளியூர்ச் சந்தைக்கு அனுப்பும் நம்மனோர் அறியத்தக்கதாகும். 1854-ஆம் ஆண்டில் அது மிஸிஸிப்பி நதிக்கரையை அடைந்தது. 1856-ல் அந்நதியின்மீது முதல் ரயில் பாலம் எழுந்தது. சில நாட்களிலேயே நீராவிக் கப்பலொன்று அதன்மீது மோதிற்று. கப்பலுக்குரியோர் தொடுத்த வழக்கில் பாலத்தின் சார்பில் வாதாடியவருள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

மோலின் நகரத்துக் கலப்பைகளும், சீடர் ராப்பிட்ஸ் ஆலையின் ஓட்ஸும், நியூட்டனில் செய்யப்பெற்ற சலவை இயந்திரங்களும் இப்பாதையின் வண்டிகளில் ஏறின. எனினும் தானியமே அதற்கு உயிர்நாடி. அறுவடைக் காலத்தில், மூடிய சரக்கு வண்டியின் வாயிலை உட்புறம் பலகைகளால் ஆணியடித்து அடைத்து, மேலே எஞ்சிய திறப்பின் வழியே மக்காச்சோளத்தைக் குழாய் கொண்டு சொரிவர். சேருமிடத்தில் பலகைகளைப் பெயர்த்து, உள்ளே ஆட்கள் நின்று வாரித் தள்ளுவர். பிற்காலத்தில், மேலே கொட்டி அடியில் திறந்துவிடும் 100 டன் வண்டிகள் வந்தன. உழைப்பு மிச்சமாயிற்று, ஆனால் கிராமங்களுக்குச் சென்ற கிளைப் பாதைகளின் மெல்லிய தண்டவாளங்கள் அப்பாரத்தைத் தாங்கவில்லை. அவற்றைப் புதுப்பிக்கக் கம்பெனியிடம் பணமும் இல்லை.

1964-ல் யூனியன் பசிபிக் கம்பெனியுடன் இணைய அனுமதி கோரினர். அரசாங்க ஆணைக்குழு விசாரித்து இசைவு தருவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. பயிர் கருகியபின் பெய்த மழை என்றே இதனை நாம் சொல்வோம். அதற்குள் பாதை சீர்கெட்டது. இணைய இசைந்தோரே விலகிக்கொண்டனர். 1975-ல் கம்பெனி திவாலாயிற்று. 1980 மார்ச் 31-ல் ஓட்டமும் நின்றது. ரயிலை நம்பிக் கட்டிய தானியக் கிடங்குகள் பல, லாரியை நாட வேண்டியதாயிற்று.

விற்பனைக்கு வந்த பிரதான பாதையில் அயோவா மாநிலத்தின் குறுக்கே செல்லும் பகுதியை, 1984-ல், சரக்கு அனுப்புவோரே பங்கு சேர்த்து, மாநிலத்தின் கடனுதவியும் பெற்று வாங்கினர். அவர்கள் அமைத்தது கூட்டுறவுச் சங்கமன்று, கம்பெனியே. ஆயினும் வண்டி நின்றால் முதலில் நட்டப்படுவோர் எவரோ, அவரே பாதைக்கு உடையவராயினர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். நியூட்டன் தொழிற்சாலை 2007-ல் மூடப்பட்டது. அப்பாதையோ அயோவா இன்டர்ஸ்டேட் என்னும் பெயரில் கவுன்சில் பிளஃப்ஸ் வரை இன்றும் நடைபெறுகிறது; மக்காச்சோளத்துடன், அதிலிருந்து வடிக்கும் எத்தனாலையும் ஏற்றிச் செல்கிறது.