வேகம் யாருக்குச் சொந்தம்?

வாகனம் என்பது ஆண்களின் உலகம் என்ற எண்ணம் எமது சமூகத்தில் மாத்திரமன்றி மேற்கு நாடுகளிலும் ஆழமாக வேரூன்றிய ஒன்றாகும். கார் வாங்குவது குடும்பத்தின் முடிவாக இருக்கலாம், கடன் இருவர் பெயரிலும் இருக்கலாம். ஆனால் திறப்பு என்னவோ ஆணின் சட்டைப்பையில்தான் இருக்கும். அதிலும் இருவர் மட்டுமே அமரக்கூடிய, நிலத்தோடு ஒட்டியபடி உறுமிச் செல்லும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெண்ணுக்கு ஒதுக்கப்படுவது சாரதிக்குப் பக்கத்து ஆசனமே. விளம்பரங்களில் அதுவும் இல்லை. காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று சிரிப்பதோடு அவளது வேலை முடிந்துவிடும்.

ஐரோப்பாவில் இத்தகைய கார் வைத்திருப்போர் பந்தயத் தடங்களுக்குச் சென்று, கட்டணம் செலுத்தி, தமது காரைத் தாமே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் பல காலமாக உள்ளது. இதனை 'ட்ராக் டே' என்கிறார்கள். இது போட்டியல்ல. பரிசு இல்லை, வெற்றி தோல்வி இல்லை, பெரும்பாலான இடங்களில் நேரத்தை அளப்பதற்கே தடை உண்டு. ஆசிரியர், தாதி, கடைக்காரர், ஓய்வூதியர் எனச் சாதாரண மனிதர்களே வருகிறார்கள். பிரித்தானியாவில் நடைபெறும் இத்தகைய நாட்களில் காலையில் முதலில் விளக்கவுரை இடம்பெறும். மஞ்சள், சிவப்பு, கறுப்புக் கொடிகளின் அர்த்தம், முந்திச் செல்ல அனுமதிக்கப்பட்ட இடங்கள், எந்தப் பக்கத்தால் முந்த வேண்டும் என்பன கற்பிக்கப்படும். பின்னர் முன்னே செல்லும் வழிகாட்டி வாகனத்தின் பின்னால் மெதுவாகச் சில சுற்றுகள். அதற்குப் பிறகே தடம் திறக்கும். சத்தம் அதிகமான கார் திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு.

இந்த விடயத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஜேர்மனியில் வாழும் ஒன்றுவிட்ட அக்கா ஒருவரின் தொலைபேசி அழைப்பு. "தங்கச்சி, அத்தான் பழைய மாஸ்டா எம்.எக்ஸ்.5 ஒண்டை வாங்கி நிப்பாட்டியிருக்கிறார். அதை ரிங்குக்குக் கொண்டுபோய் ஓடப் போறாராம். நான் மறிக்கிறதோ, இல்லாட்டிப் பேசாமல் விடுறதோ?" என்று கேட்டார். அத்தானுக்கு வயது 45. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கடன் இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. இது வெறும் கார் ஆசை பற்றிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

அக்கா சொன்ன 'ரிங்' என்பது நூர்பேர்க்ரிங். கொலோன் நகரிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில், ஐஃபெல் மலைப்பிரதேசத்தில் உள்ளது. அங்கு தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் நகரங்களிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரக்கூடிய தூரம். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அந்தப் பிரதேசம் மிகவும் வறுமைப்பட்டிருந்தது. வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் நிவாரணத் திட்டமாகவே 1925 இல் இத்தடத்தின் வேலைகள் தொடங்கப்பட்டன. பந்தயப் பாதை ஒன்று நிவாரண வேலையாகப் பிறந்தது என்பதைச் சமூகப்பணியில் இருப்பவள் என்ற வகையில் நான் இரண்டு தடவை வாசித்தேன். 1927 ஜூனில் அது திறக்கப்பட்டது. பந்தயம் இல்லாத வேளைகளில் கட்டணம் செலுத்தும் எவரும் தமது வாகனத்தை ஓட்டலாம் என்ற ஏற்பாடும் ஆரம்பக் காலத்திலிருந்தே இருந்து வருகிறது.

இன்று எஞ்சியுள்ள 'வடக்கு வளையம்' மட்டும் 20.8 கிலோமீற்றர் நீளமானது. மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையில் ஏறத்தாழ 300 மீற்றர் உயர வித்தியாசம். காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து செல்லும் பாதையின் இருமருங்கிலும் இரும்புத் தடுப்புகள். தவறினால் ஒதுங்குவதற்குப் புல்தரை பல இடங்களில் சில அடிகளே. ஒரு பக்கத்தில் வெயிலும் மறுபக்கத்தில் மழையும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். 1976 ஓகஸ்ட் 1 ஆம் திகதி உலகச் சம்பியன் நிக்கி லவுடா எரியும் காருக்குள் அகப்பட்டு மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டது இங்கேதான். அதன் பின்னர் ஃபோர்முலா வன் கார்கள் இந்த வடக்கு வளையத்தில் போட்டியிடவில்லை. ஆனால் செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரமும் வீதிக்குத் தகுதியான காரும் உள்ள எவரும், ஒரு சுற்றுக்கான கட்டணத்தைச் செலுத்தி, தடைக்கம்பம் உயர உள்ளே நுழையலாம். உலகத் தரமான சாரதிகளுக்கு ஆபத்தானது என ஒதுக்கப்பட்ட பாதையில் வார இறுதியில் எங்கள் வீட்டு அத்தான்மார் ஓடலாம். விசித்திரமான உலகம்தான்.

இங்கே குடும்பப் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பொதுமக்கள் ஓடும் இந்நேரங்களில் வடக்கு வளையம் சட்டத்தின்படி ஒருவழிக் கட்டணப் பாதையாகவே கருதப்படுகிறது. ஜேர்மன் வீதிச் சட்டம் அங்கு செல்லுபடியாகும். இடப்பக்கத்தால் மட்டுமே முந்தலாம், பந்தயம் ஓடக்கூடாது. இதனால் 'வீதி என்றால் எனது காப்புறுதி இருக்கிறதுதானே' எனப் பலர் நம்பி விடுகின்றனர். ஆனால் பந்தயத் தடங்களில் ஏற்படும் சேதத்தை விலக்கும் வாசகங்கள் பல காப்புறுதிப் பத்திரங்களில் உள்ளன. வாடகைக் கார் நிறுவனங்களோ ரிங்குக்குக் கொண்டு செல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகின்றன. காரை மோதியவர் தனது காரை மட்டும் இழப்பதில்லை. வளைந்த இரும்புத் தடுப்புக்கும், இழுத்துச் செல்லும் வாகனத்துக்கும், அவர் சிந்திய எண்ணெயைத் துப்புரவாக்குவதற்கும், பாதை மூடப்பட்ட நேரத்துக்கும் அவரது பெயருக்கே பற்றுச்சீட்டு வரும். அதைக் கட்டுவது யார்? சமையலறைச் செலவையும் பிள்ளைகளின் வகுப்புக் காசையும் கணக்குப் பார்க்கும் அதே கை.

ஆகவே மறிப்பதா, பேசாமல் விடுவதா என்ற கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். மறித்தால் சண்டை. பேசாமல் விட்டால் பிறகு பாரம் முழுவதும் அவர் தலையில். பத்திரத்தை எடுத்து வாசியுங்கள், காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், அதற்குப் பிறகு இருவருமாகப் பயிற்சிக்குப் போங்கள் என்றேன். இருவருமாக என்பதை அழுத்திச் சொன்னேன். அக்காவிடம் 2009 முதல் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. தினமும் வேலைக்கு 40 கிலோமீற்றர் ஓட்டிச் செல்கிறார். ஆனால் அத்தான் காரில் இருந்தால் அக்காவின் கையில் ஸ்டியரிங் இருந்ததில்லை.

ரிங்கின் அருகிலேயே பாதுகாப்பாக ஓட்டுவதற்குப் பயிற்சியளிக்கும் நிலையம் ஒன்று உள்ளது. நீர் தெளித்த வழுக்கும் தளத்தில் கார் செல்லும்போது நிலத்தில் பதித்த தகடொன்று பின்சில்லுகளைத் திடீரெனப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கார் சுழலும். அதை நேராக்கப் பழக வேண்டும். முதலில் அத்தான் ஓட்டினாராம். நான்கு தரம் முழுவட்டமாகச் சுற்றினாராம். அக்கா மூன்றாம் தரத்தில் பிடித்துவிட்டார். "பலமாய்த் திருப்ப வெளிக்கிட்டால் சுத்துது தங்கச்சி. போக வேண்டிய இடத்தைக் கண்ணாலை பாத்தால் கை தானாய்ப் போகுது" என்றார். கண் எங்கே போகிறதோ அங்கேதான் கார் போகும் என்பது பயிற்றுநர்கள் எங்கும் சொல்லும் பாடம். தடுப்பைப் பார்த்துப் பயந்தவர் தடுப்பிலேயே மோதுவார்.

வேகமாக ஓட்டுவதற்குத் துணிவும் தோள்பலமும் வேண்டும் என்பது ஒரு கட்டுக்கதை எனலாம். ஒரு டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளே பிரேக் பிடிப்பது, திருப்புவது, வேகம் கூட்டுவது எல்லாவற்றையும் செய்ய வேண்டும். முழுப்பிடியையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இராது. எனவே நேர்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் மெதுவாக நுழைந்து, வெளியேறும் போது படிப்படியாக வேகம் எடுக்க வேண்டும். வளைவின் நடுவில் பயந்து காலைத் திடீரென எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய, பின்பக்கம் இலேசாகி வழுக்கிவிடும். கையிருப்பு குறைவு, தேவைகள் பல, எதற்கு எப்போது எவ்வளவு என்று பங்கிடுவது. இது எமது பெண்களுக்குப் புதிய கணக்கல்ல.

காரின் பக்கமும் அப்படியே. வேகம் இரட்டித்தால் அதை நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. அப்படிப் பழையதான எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி இளகித் தரைவரை போய்விடும். ஆதலால் போவதற்கு முன் எண்ணெயைப் புதிதாக மாற்ற வேண்டும். ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓடிச் சூட்டைத் தணிக்க வேண்டும். நிறுத்திய பின் ஹாண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விடுவார்கள், ஏனெனில் கொதிக்கும் தட்டோடு கட்டை ஒட்டிக் கொள்ளலாம். காருக்குள் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல், குடை, பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எதுவானாலும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். உருண்டு வந்து பிரேக் மிதிக்குக் கீழே சிக்கிய ஒரு போத்தல் போதும். பக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி வருவது சாதாரணம். ஓட்டுபவருக்கு வராது, அடுத்த வளைவு அவருக்குத் தெரியும் என்பதால்.

நூர்பேர்க்ரிங்கில் பெண்கள் ஓட்டியது புதிய சங்கதியும் அல்ல. திறந்த முதல் வருடமான 1927 இலேயே ஜேர்மன் கிராண்ட் பிரீ போட்டியில் செக் நாட்டுப் பெண் எலிஷ்கா யுன்கோவா தனது புகாட்டியில் பங்குபற்றினார். 1900 இல் பிறந்த இவர் வங்கியில் எழுதுவினைஞராக வேலை செய்தவர். கணவர் செனெக்கின் கை போரில் காயமடைந்திருந்ததால் கியர் மாற்றுவது அவருக்குச் சிரமமாக இருந்தது. பக்கத்து ஆசனத்தில் இருந்த எலிஷ்கா அப்படித்தான் ஸ்டியரிங்குக்கு வந்தார். பந்தயத்துக்கு முன் பாதையைக் கண்ணால் அளந்து, மரம், கல், வீடு என அடையாளங்களை மனனம் செய்வது அவரது வழக்கம். 1928 இல் சிசிலித் தீவின் கடினமான தார்கா புளோரியோ பந்தயத்தில் ஒரு கட்டத்தில் முன்னணியில் நின்று, ஐந்தாவதாக முடித்தார். அதே வருடம் ஜூலையில் நூர்பேர்க்ரிங் பந்தயத்தில் கணவர் விபத்துக்குள்ளாகி இறந்தார். எலிஷ்கா காரை விற்றுவிட்டுப் பந்தயத்தை நிறுத்தினார். 1994 வரை உயிர் வாழ்ந்தார். அவருக்குத் துணிவு போய்விட்டது என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த ஆபத்தை ஏற்பது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டையும் அவரே தீர்மானித்தார்.

அதன்பின் சபீனே ஷ்மிட்ஸ். 1969 இல் பிறந்தவர். தடத்தின் நடுவேயுள்ள நூர்பேர்க் கிராமத்தில் பெற்றோரின் ஹோட்டலில் வளர்ந்து, ஹோட்டல் தொழிலையே முறையாகப் படித்தவர். 1996 இலும் 1997 இலும் நூர்பேர்க்ரிங் 24 மணித்தியாலப் பந்தயத்தில் குழுவோடு முதலிடம் பெற்றார். அப்பந்தயத்தை ஒட்டுமொத்தமாக வென்ற முதற்பெண் அவரே. பின்னர் பயணிகளை அமர்த்தி வடக்கு வளையத்தைச் சுற்றிக் காட்டும் 'ரிங் டக்சி' ஓட்டினார். ஏறியமர்ந்த பெரிய பெரிய ஆண்கள் முகம் வெளுத்து இறங்குவது வழக்கமாம். பிபிசியின் 'டொப் கியர்' நிகழ்ச்சிக்காக டீசல் ஜகுவார் ஒன்றில் அந்நிகழ்ச்சியின் தொகுப்பாளர் பெரும்பாடுபட்டு 9 நிமிடம் 59 செக்கனில் முடித்த சுற்றை, அதே காரில் சபீனே 9 நிமிடம் 12 செக்கனில் முடித்தார். பிறகு சாமான் ஏற்றும் ஃபோர்ட் டிரான்சிட் வானில் 10 நிமிடம் 8 செக்கனில் சுற்றினார். கார் அதே கார்தான், வித்தியாசம் ஓட்டியவரின் அறிவில்தான் இருந்தது. புற்றுநோயால் 2021 மார்ச்சில் தனது 51 ஆவது வயதில் காலமானார். அதே வருடம் வடக்கு வளையத்தின் முதலாவது வளைவுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

அக்கா குடும்பம் இன்னும் வடக்கு வளையத்துக்குப் போகவில்லை. காப்புறுதிக்காரர் முடியாது என்று எழுத்திலேயே பதில் அனுப்பிவிட்டார். பதிலாக, ஒதுங்க இடமுள்ள ஒரு சிறிய தடத்தில், ஒரு நாளுக்கு மட்டுமான தனிக் காப்புறுதியோடும் பயிற்றுநரோடும் ஓடினார்கள். காலையில் அத்தான், பின்னேரம் அக்கா. கட்டணம், பெற்றோல், பிரேக் எண்ணெய், தேய்ந்துபோன முன் டயர் இரண்டு எல்லாவற்றையும் அக்கா கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறார். வருடத்தில் ஒரு தரத்துக்கு மேல் கட்டுப்படியாகாதாம். அத்தானும் கொப்பியைப் பார்த்துச் சரி என்றிருக்கிறார். அடுத்த முறைக்கான பதிவில் முதலாம் சாரதி என்ற இடத்தில் யாருடைய பெயரைப் போடுவது என்பதில்தான் இப்போது வீட்டில் வழக்கு.