மின்னணு பேட்ஜ் விரிவாக்கம்

மின்னணு பேட்ஜ் என்பது சட்டையில் அணியும் சிறு மின்சுற்றுப் பலகை ஆகும். பிபிசி மைக்ரோபிட் பலகையை இவ்வாறு அணியலாம். அதன் முகப்பில் 25 எல்இடி விளக்குகள் உள்ளன.

கூடுதல் விளக்குகள்: டபிள்யூஎஸ்2812 வண்ண விளக்குச் சரத்துக்கு ஒரே தரவுக் கம்பி போதும். ஆனால் ஒவ்வொரு விளக்கும் முழு வெண்ணொளியில் ஏறத்தாழ 60 மில்லிஆம்பியர் எடுக்கும். 2020-இல் வெளியான இரண்டாம் பதிப்பு வெளி இணைப்புகளுக்குத் தருவது 190 மில்லிஆம்பியர் மட்டுமே. எனவே மூன்று விளக்குகளைத் தாண்டினால் தனி மின்கலம் வைத்து, இரண்டின் எதிர்முனைகளையும் இணைக்க வேண்டும்.

ஒலி உள்ளீடு: இரண்டாம் பதிப்பில் மைக் உண்டு. முதற்பதிப்பில் பெருக்கிச் சுற்றுடன் கூடிய மைக்கைச் சேர்க்கலாம். மைக் மட்டும் தரும் சில மில்லிவோல்ட் போதாது.

எச்சரிக்கை: தளர்ந்த இணைப்பில் பொறி எழலாம். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு மருந்து கையாளும் அறைகளுக்குள் இதை அணிந்து செல்லக்கூடாது.