ஆன் செய்தால் வெறும் கோடுகள்தானா? பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் பழுதான மெமரி சிப்பை பிடிப்பது எப்படி?

பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், டிவியில் இணைத்து ஓட்டும் குட்டி கம்ப்யூட்டர். 40 வருஷம் தாண்டியும் இதைத் தேடி வாங்கி ரிப்பேர் பார்ப்பவர்கள் இருக்காங்க. ஆசையா ஆன் செய்தால் சில மெஷின்களில் கோடும் கட்டமும்தான் வரும். "மெமரி போச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று உடனே சால்டரிங் அயர்னைத் தூக்காதீங்க. நல்ல போர்டு வீணாவதே அங்கேதான்.

திரை என்ன சொல்கிறது?

48கே மாடலில் 16 மெமரி சிப்கள். எட்டு எட்டாக இரண்டு அணி. முதல் 16கே-வில்தான் திரையில் தெரியும் படமே இருக்கிறது. அதனால் இங்கே பழுது என்றால் திரை குப்பையாகிவிடும்.

அடுத்த 32கே-வில் பழுது என்றால் கதையே வேற. திரை பளிச்சென்று வரும், சின்க்ளேர் காப்புரிமை வரியும் வரும். ஆனால் 48கே கேம் ஓடாது. அப்போது இதை டைப் செய்யுங்க: பிரின்ட் பீக் 23732+256*பீக் 23733. (பி கீயை ஒரு தட்டு தட்டினாலே 'பிரின்ட்' முழுசா வந்துடும், அது ஸ்பெக்ட்ரமின் தனி அழகு.)

விடை 65535 என்றால் ஆன் ஆகும்போது நடக்கும் சோதனையில் மெமரி முழுக்க பாஸ். 32767 என்றால் மேல் 32கே கண்ணிலேயே படவில்லை. எட்டு சிப்பும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை ஒரு சிப் வைத்திருக்கிறது. ஒன்று மண்டையைப் போட்டாலே போதும்.

முதலில் வோல்டேஜ்!

முதல் அணியில் இருப்பது 4116 ரக சிப். இதுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்டேஜ் வேணும். இதில் மைனஸ் 5 மட்டும் நின்று, 12 வந்துகொண்டே இருந்தால் சிப்கள் வெந்துவிடும். அதைக் கவனிக்காமல் புது சிப் போட்டால் அதுவும் காலி. மல்டிமீட்டரில் மூன்றையும் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. ஊசி நழுவி பக்கத்து காலைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கோங்க.

வோல்டேஜ் சரி என்றால், ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஒவ்வொரு சிப்பாக விரலால் தொடுங்க. மற்றதைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் முதல் சந்தேகம். இன்னொரு வழி உப்புமூட்டை: பவரை ஆஃப் செய்துவிட்டு, அதே ரக நல்ல சிப்பை சந்தேகப்படும் சிப் மேல் கால் கால் பொருந்த ஏற்றி, ஆன் செய்து பார்ப்பது. மாற்றம் தெரிந்தால் ஆள் சிக்கிட்டான். ஆனால் உள்ளே ஷார்ட் ஆன சிப்பிடம் இது பலிக்காது.

பார்க்க ஒண்ணு, உள்ளே வேற

4116-க்கும் 4164-க்கும் 16 கால்தான். ஆனால் 4164-க்கு 5 வோல்ட் போதும். அதை 4116 இடத்தில் மாட்டினால் 8-வது காலில் 12 வோல்ட் பாயும். அவ்ளோதான்.

மேல் 32கே-வில் இன்னும் சுவாரஸ்யம். செலவைக் குறைக்க, பாதி பழுதான 64கே சிப்களை வாங்கி, நல்ல பாதியை மட்டும் சின்க்ளேர் பயன்படுத்தியது! எந்தப் பாதி என்பதை போர்டில் உள்ள சின்ன கம்பி இணைப்பு முடிவு செய்யும். அதனால் எட்டுக்கும் ஒரே பாதி நல்லதாக இருக்கணும். மேல் பாதி நல்ல சிப்களுக்கு நடுவே கீழ் பாதி நல்ல சிப் ஒன்றைப் போட்டால், புதுசு போட்டும் பழைய பழுதே தொடரும். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப் பார்த்து வாங்குங்க.

கழற்றும்போது சிப்பை முழுசா பிடுங்க வேண்டாம், போர்டின் செம்புத் தடம் கையோடு வந்துவிடும். உடம்பை வெட்டி எடுத்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக சூடாக்கி உருவுங்க. அந்த இடத்தில் சாக்கெட் வைத்துவிட்டால் அடுத்த முறை சால்டரிங்கே தேவைப்படாது.