ஊரில் பாதியில் நிற்கும் வீடு: இடிப்பதா, தொடர்வதா?

டிராம்பே, செம்பூர் வட்டாரத்தில் வாழும் நம்மவர் பலருக்கு ஊரில் பாதியில் நிற்கும் வீடு ஒன்று இருக்கும். தூண்கள் எழுந்திருக்கும்; கம்பிகள் வானம் பார்த்துத் துருவேறியிருக்கும். பெண்ணின் கல்யாணம், பையனின் படிப்பு, இங்கே வாங்கிய அறைக்கான கடன் என ஏதோ ஒரு காரணத்தால் வேலை நின்றுபோயிருக்கும்.

எங்கள் வீடும் அப்படித்தான். தென்காசிப் பக்கம் 1994-இல் என் தந்தையார் ஒன்பது தூண்களை நிறுத்தினார். கூரை போடுமுன் காலமாகிவிட்டார். பல ஆண்டுகள் கழித்துப் பேச்சு எழுந்தபோது, எல்லாவற்றையும் இடித்துவிட்டு நவீன பங்களா கட்டலாம் என்றார் அண்ணன். அந்தத் தூண்கள்மேலேயே இரண்டு மாடி எழுப்பினால் செலவு மிச்சம் என்றான் தம்பி. "அப்பா நிறுத்துன தூணுய்யா, இடிச்சிராதீங்க" என்றார் அம்மா.

நாங்கள் அழைத்த பொறியாளர், முதலில் சோதனை, பிறகுதான் வரைபடம் என்று சொல்லிவிட்டார். ஒரு தூணின் அடியில் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அகலம், ஆழம் பார்த்தார். சோதனைச் சுத்தியலால் தட்டிக் கான்கிரீட்டின் வலுவைக் கணித்தார். சிறிது உடைத்து, புதிதாய்த் தெரிந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். இளஞ்சிவப்பு நிறம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிக்குக் கான்கிரீட் இன்னும் காவல். நிறம் மாறாவிட்டால் அந்தக் காவல் போய்விட்டது என்று பொருள்.

ஆறு தூண்கள் தேறின, மூன்று தேறவில்லை. ஆனால் அஸ்திவாரம் ஒரு தளத்துக்கு மட்டுமே போதும் என்று தெரிந்தது. அக்காலத்து இந்தியத் தர விதி எம்-15 கான்கிரீட்டை அனுமதித்தது. 2000-இல் ஐ.எஸ். 456 விதியைத் திருத்தியபோதுதான் கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்-20 என்றானது. பழைய தூண்மேல் மாடி எழுப்ப நினைப்போர் இதை மறக்கக் கூடாது.

ஆகவே வரைபடம் தூண்களுக்கு ஏற்ப அமைந்தது. ஒன்பது தூண்களுக்கு நடுவே கூடம். மேலே கனமில்லாத இரும்புச் சட்டமும் ஓடும். பழுதான மூன்று தூண்களின் துருவைச் சுரண்டி, சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போட்டோம். படுக்கையறை, சமையலறை, மாடி எல்லாம் கூடத்தைச் சுற்றிப் புதிய அஸ்திவாரத்தில் எழுந்தன. பழையதும் புதியதும் தனித்தனியே அமிழக்கூடும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டோம்.

இருப்பதைச் சுற்றி வீட்டை வளர்ப்பது நமக்குப் புதிதன்று. 1976-இல் ஜனதா காலனியிலிருந்து டிராம்பே சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்ட மக்கள், வெறும் மனையில் தொடங்கிக் கையில் காசு சேரச் சேரத்தான் வீட்டை வளர்த்தார்கள். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் இந்த வழியை விரும்பியிருக்கிறார்கள். இலங்கையின் ஜெஃப்ரி பாவா 1958 முதல் சுமார் பத்தாண்டுகளில், கொழும்பில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தம் இல்லமாக்கினார். முன்வீட்டை மட்டும் இடித்து அங்கே நவீன மாடிக் கட்டடம் எழுப்பினார். அமெரிக்காவில் ஃபிராங்க் கெரி, 1978-இல் ஒரு பழைய வீட்டைச் சுற்றி நெளிதகடு போர்த்திப் புது வீடு அமைத்தார்.

இடிக்கச் சொல்லும் சோதனை முடிவு வந்தால் தயங்காமல் இடியுங்கள். பாசத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். இப்போது கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையை நிறுத்த நேர்ந்தால் வெளியே நீளும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள். அஸ்திவார வரைபடத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். எங்களிடம் அது இருந்திருந்தால் குழி தோண்டும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.